போட்டிக் கைத்துப்பாக்கி: தேர்வை எங்கிருந்து தொடங்குவது?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கின்போது இரண்டு படங்கள் உலகம் முழுவதும் சுற்றின. ஒன்றில் தென்கொரியாவின் கிம் யே-ஜி. ஒரு கண்ணுக்கு முன்னால் வட்டமான வில்லை, மறு கண்ணை மறைக்கும் சிறு தகடு, தலையில் தொப்பி. மற்றொன்றில் துருக்கியின் யூசுஃப் டிகெச். 51 வயது, வீட்டில் செய்தித்தாள் படிக்கும்போது போடுவதைப் போன்ற கண்ணாடி, இடது கை கால்சட்டைப் பையில். கிம் பெண்கள் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெள்ளி வென்றார். டிகெச் கலப்பு இரட்டையரில் செவ்வால் இலாய்டா தர்ஹானுடன் சேர்ந்து வெள்ளி வென்றார்.

டிகெச்சின் படத்தைப் பார்த்த பலர், "திறமை இருந்தால் கருவி எதுவானாலும் போதும்" என்று முடிவு கட்டினார்கள். கிம்மின் படத்தைப் பார்த்தவர்களோ, அந்தக் கருவிகள் இல்லாமல் இந்த விளையாட்டே இல்லை என்றார்கள். இரண்டு தரப்பும் ஒன்றைக் கவனிக்கவில்லை. படங்களுக்கு இடையில் இருந்த வேறுபாடு முகத்தில்தான் இருந்தது. இருவர் கையிலும் இருந்தவை போட்டிக்கென்றே செய்யப்பட்ட ஏர் பிஸ்டல்கள். இரண்டும் ஒரே அளவுப் பெட்டிக்குள் அடங்க வேண்டியவை. ஒரே எடைக்கல்லால் சோதிக்கப்படுபவை. டிகெச் சாதாரணக் கண்ணாடியோடு வந்தாரே தவிர, சாதாரணத் துப்பாக்கியோடு வரவில்லை.

அப்படியானால் போட்டிக் கைத்துப்பாக்கி என்பது என்ன, அதை எப்படித் தேர்ந்தெடுப்பது? புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் "எந்த நிறுவனத்தின் பிஸ்டல் நல்லது?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

முதலில் போட்டி, பிறகுதான் துப்பாக்கி

கைத்துப்பாக்கிப் போட்டி என்று பொதுவாகச் சொன்னாலும் அது ஒரே விளையாட்டு அல்ல. ஒன்றுக்கு உகந்த துப்பாக்கியை இன்னொன்றின் களத்தில் அனுமதிக்கவே மாட்டார்கள். முக்கியமானவை இவை:

1. 10 மீட்டர் ஏர் பிஸ்டல். அழுத்தப்பட்ட காற்றால் 4.5 மி.மீ. ஈயக்குண்டைச் செலுத்தும் வகை. தகுதிச் சுற்றில் 75 நிமிடங்களில் 60 குண்டுகள். ஒரு கையால் மட்டுமே பிடிக்க வேண்டும். ஆண், பெண் இருபாலருக்கும் ஒலிம்பிக்கில் உண்டு.

2. 25 மீட்டர் பிஸ்டல். பெண்களுக்கான ஒலிம்பிக் போட்டி; .22 எல்.ஆர். எனப்படும், 0.22 அங்குலக் குழலுக்கான சிறு தோட்டா. 30 குண்டுகள் நிதானச் சுற்றிலும் 30 குண்டுகள் விரைவுச் சுற்றிலும் சுட வேண்டும். விரைவுச் சுற்றில் இலக்கு 3 விநாடி காட்சி தந்து, 7 விநாடி மறையும். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரே குண்டு.

3. 25 மீட்டர் ரேபிட் ஃபயர். ஆண்களுக்கானது. தோட்டா அதே .22 எல்.ஆர். தாழ்த்திய கையை உயர்த்தி, வரிசையாக நிற்கும் ஐந்து இலக்குகளில் ஐந்து குண்டுகள். முதலில் 8 விநாடி, பிறகு 6, பிறகு 4.

4. 50 மீட்டர் பிஸ்டல். "ஃப்ரீ பிஸ்டல்" என்பது பழைய பெயர். 2016 ரியோவுடன் ஒலிம்பிக்கிலிருந்து விடைபெற்றது. 2008, 2012, 2016 என்று தொடர்ந்து மூன்று முறை இதில் தங்கம் வென்றவர் தென்கொரியாவின் ஜின் ஜோங்-ஓ.

5. களச் சுடுதல். 1976-இல் தொடங்கப்பட்ட ஐ.பி.எஸ்.சி. எனப்படும் சர்வதேச நடைமுறைச் சுடுதல் கூட்டமைப்பின் வகை. இரண்டு கைகளால் பிடித்து, ஓடி, நின்று, தோட்டாக்கள் அடுக்கிய மேகசினை மாற்றி, நேரத்தோடு போட்டியிடுவது. ஒலிம்பிக்குக்கும் இதற்கும் தொடர்பில்லை.

முதல் நான்கும் ஐ.எஸ்.எஸ்.எஃப். எனப்படும் சர்வதேசச் சுடுதல் விளையாட்டுக் கூட்டமைப்பின் விதிகளுக்கு உட்பட்டவை. ஐந்தாவதன் விதிகளும் தேவைகளும் முற்றிலும் வேறு. அதைப் பின்னால் தனியாகப் பார்ப்போம்.

எதில் தொடங்குவது என்பதில் பெரிய குழப்பம் தேவையில்லை. ஏர் பிஸ்டலில் தொடங்குவது நல்லது. அதன் உதைப்பு மிகச் சிறியது, சத்தம் குறைவு, பத்து மீட்டர் இடம் போதும். ஒருவர் செய்யும் பிழையை எதன் பின்னாலும் ஒளித்துவைக்க அதில் வழியில்லை. வெடிமருந்துத் துப்பாக்கியில் உதைப்பின் மேல் பழி போடலாம். ஏர் பிஸ்டலில் அதற்கும் இடமில்லை.

விதிப்புத்தகம் என்ன சொல்கிறது

ஐ.எஸ்.எஸ்.எஃப். போட்டி தொடங்குவதற்கு முன் கருவிச் சோதனை நடக்கும். அங்கே ஒரு பெட்டி இருக்கும். பிஸ்டலை அதற்குள் வைப்பார்கள். அடங்கினால் சரி; எங்காவது இடித்தால் அந்தத் துப்பாக்கியோடு களத்துக்குப் போக முடியாது.

ஏர் பிஸ்டலுக்கான பெட்டி 420 மி.மீ. நீளம், 200 மி.மீ. உயரம், 50 மி.மீ. தடிமன். எடை 1500 கிராமைத் தாண்டக் கூடாது. விசையை, அதாவது விரலால் இழுக்கும் ட்ரிக்கரை, விடுவிக்கக் குறைந்தது 500 கிராம் எடை தேவைப்பட வேண்டும்; இதுதான் விசைஎடை. 25 மீட்டர் .22 பிஸ்டலுக்குக் கட்டுப்பாடு இன்னும் கடுமை: பெட்டி 300 × 150 × 50 மி.மீ., எடை 1400 கிராம், குழலின் நீளம் அதிகபட்சம் 153 மி.மீ., முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைத்தூரம் அதிகபட்சம் 220 மி.மீ., விசைஎடை குறைந்தது 1000 கிராம். 50 மீட்டர் பிஸ்டலுக்கு மட்டும் விசைஎடைக்கு வரம்பே கிடையாது. மூச்சுப் பட்டால் விடுபடும் அளவுக்கு மெல்லிய விசைகள் அங்கே உண்டு.

இரண்டு சொற்களை இங்கே விளக்க வேண்டும். முன்குறி என்பது குழலின் வாய்ப்பக்கம் நிற்கும் சிறு கட்டை. பின்குறி என்பது கைப்பக்கம் இருக்கும், நடுவில் சதுரமாக வெட்டப்பட்ட தகடு. வெட்டின் நடுவில் கட்டையை நிறுத்தி, இரண்டின் மேல்விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி பார்ப்பதுதான் குறிபார்த்தல். தொலைநோக்கி, செம்புள்ளிக் கண்ணாடி போன்றவை ஐ.எஸ்.எஸ்.எஃப். பிஸ்டல்களில் கிடையாது. பார்வைத் திருத்த வில்லையைச் சுடுபவர் தன் முகத்தில் அணியலாம். துப்பாக்கியில் பொருத்தக் கூடாது. கிம் அணிந்திருந்த அமைப்புக்கு இதுதான் காரணம்.

பெட்டியின் மூன்று அளவுகளில் ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் 50 மி.மீ. தடிமன்தான். உலோகப் பாகங்கள் தொழிற்சாலையிலேயே விதிக்கு உட்பட்டு வருகின்றன. மரப்பிடியைத்தான் வாங்கியவர் செதுக்குவார், மரமாவு (மரத்தில் ஒட்டிக் கெட்டியாகும் பூச்சு) பூசி ஏற்றுவார், உள்ளங்கை தாங்கியை அகலமாக்குவார். மாதக்கணக்கில் ஒரு மி.மீ., ஒரு மி.மீ.யாகச் சேர்ந்து ஒரு நாள் பிடி பெட்டியில் சிக்கும். வீட்டிலேயே அட்டையில் ஒரு பெட்டி செய்து வைத்துக்கொள்வது இந்தச் சங்கடத்துக்கு மலிவான மருந்து.

துல்லியத்தைப் பற்றிய தவறான கவலை

விற்பனைப் பக்கங்களில் குழலின் துல்லியம் பெரிதாகப் பேசப்படும். பிஸ்டலைப் பிடிகருவியில் இறுக்கிப் பொருத்திப் பத்து மீட்டரில் சுட்ட காகிதத்தையும் சில நிறுவனங்கள் பெட்டியோடு வைத்து அனுப்புகின்றன. ஐந்து குண்டுகள் போன வழி ஏறக்குறைய ஒரே ஓட்டையாக இருக்கும். அந்தக் காகிதம் உண்மைதான். ஆனால் போட்டித் தரத்தில் செய்யப்பட்ட எந்த ஏர் பிஸ்டலும் ஏறத்தாழ அப்படித்தான் சுடும். எல்லோரிடமும் ஒரே அளவில் இருக்கும் ஒன்றை வைத்துத் தேர்வு செய்ய முடியாது.

புள்ளிகள் எங்கே போகின்றன என்பதைக் கணக்காகவே பார்க்கலாம்.

1. ஏர் பிஸ்டல் இலக்கின் 10-ஆம் வளையம் 11.5 மி.மீ. விட்டம். குண்டின் விளிம்பு வளையக் கோட்டைத் தொட்டாலே பத்துப் புள்ளி. ஆகவே 4.5 மி.மீ. குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 8 மி.மீ. வரை விலகினாலும் பத்துதான்.

2. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையில் 350 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பத்து மீட்டர் அதைப் போல ஏறக்குறைய 28.6 மடங்கு. முன்குறி பின்குறியின் நடுவிலிருந்து 0.1 மி.மீ. விலகினால் இலக்கில் 2.9 மி.மீ. பிசகும்.

3. விலகல் 0.3 மி.மீ. ஆனால் பிசகு 8.6 மி.மீ. பத்து கைவிட்டுப் போய் ஒன்பது. 0.3 மி.மீ. என்பது சாதாரண எழுதுதாள் மூன்றை அடுக்கினால் வரும் கனம்.

கை நடுக்கம் வேறு வகை. குறிகள் இரண்டும் ஒழுங்காக இருந்து, கையோடு சேர்ந்து மொத்தமாக ஆடினால், கண்ணுக்கு எந்த அளவு ஆட்டம் தெரிகிறதோ அந்த அளவுதான் இலக்கிலும் பதியும். குறிகளுக்கு இடையிலான பிசகோ கண்ணுக்குத் தெரியாத அளவில் தொடங்கி, இலக்கை அடைவதற்குள் முப்பது மடங்கு ஆகிவிடுகிறது. கை நடுங்குகிறதே என்று கவலைப்படுபவர்கள் தவறான எதிரியோடு மல்லுக்கட்டுகிறார்கள். மூன்று தாள் கனத்துக்கு முன்குறியைத் தள்ளிவிடுவது எது? பெரும்பாலும் இரண்டே குற்றவாளிகள்: கைக்குப் பொருந்தாத பிடி, கரடுமுரடான விசை. தேர்வு செய்பவரின் நேரமும் பணமும் இவ்விரண்டுக்கும்தான் போக வேண்டும்.

இதே கணக்கை 25 மீட்டருக்குப் போட்டால் இன்னொன்று விளங்கும். 220 மி.மீ. இடைத்தூரத்தில் 0.3 மி.மீ. பிசகு இலக்கில் 34 மி.மீ. ஆகிறது. நிதானச் சுற்று இலக்கின் பத்தாம் வளையம் 50 மி.மீ. விட்டம், எனவே ஒன்பது. விரைவுச் சுற்று இலக்கின் பத்தாம் வளையம் 100 மி.மீ.; அதே பிசகு அங்கே பத்து. அதனால்தான் ரேபிட் ஃபயர் வீரர்கள் குழலைப் பற்றிப் பேசுவதைவிட, சுட்டவுடன் முன்குறி தானாகத் திரும்பி வந்து அமர்கிறதா என்பதைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள்.

பிடி

நல்ல பிடியைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. பிஸ்டலில் குண்டு இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்த பிறகு, பாதுகாப்பான திசையை நோக்கி:

1. பிஸ்டலைக் கையில் பொருத்தி, கையைத் தாழ்த்திக்கொள்ளுங்கள்.
2. கண்களை மூடி, சுடும் உயரத்துக்குக் கையை உயர்த்துங்கள். இரண்டு மூச்சு விடும் நேரம் அப்படியே நில்லுங்கள்.
3. கண்ணைத் திறந்து, எதையும் சரிசெய்யாமல் குறிகளைப் பாருங்கள்.

முன்குறி பின்குறியின் வெட்டுக்கு நடுவில், ஒரே மட்டத்தில் நின்றால் அந்தப் பிடி உங்கள் கைக்கு உரியது. முன்குறி எப்போதும் வலப்பக்கம் ஒட்டி நின்றால் பிடி கையை வலப்பக்கம் திருப்புகிறது. தாழ்ந்து நின்றால் பிடியின் சாய்வு உங்கள் மணிக்கட்டுக்கு ஒத்துவரவில்லை. ஒரு முறை பார்த்தால் போதாது. பத்து முறை பார்க்க வேண்டும். பத்திலும் ஒரே பக்கம் தவறினால் மகிழுங்கள்: அது திருத்தக்கூடிய தவறு. ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பக்கம் தவறினால், பிடி பெரியதாக இருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். கை அதற்குள் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் உட்காருகிறது.

இந்தச் சோதனையில் தேறாத பிஸ்டலை மணிக்கட்டை முறுக்கிச் சரிசெய்து சுடலாம். எல்லோரும் முதலில் செய்வது அதுதான். முதல் இருபது குண்டுகளுக்குத் தசை ஒத்துழைக்கும். நாற்பதாவது குண்டில் தசை தளரும். மணிக்கட்டு தன் இயல்பான கோணத்துக்கே திரும்பும். குண்டுகள் ஒரே பக்கமாக நகரத் தொடங்கும். சுடுபவர் குறியமைப்பின் திருகாணியைத் திருப்பிக்கொண்டே இருப்பார். பிழை அங்கே இல்லை.

போட்டி பிஸ்டல்களின் மரப்பிடிகள் சிறியது, நடுத்தரம், பெரியது என்று அளவுவாரியாக வருகின்றன. பல மாடல்களில் பிடியின் சாய்வையும் திருப்பத்தையும் திருகாணிகளால் மாற்றலாம். கீழே உள்ளங்கை தாங்கியை ஏற்றி இறக்கலாம். இடது கைக்கு முற்றிலும் வேறு பிடி வேண்டும். அளவு சந்தேகமாக இருந்தால் சிறியதை வாங்கி ஏற்றுவதா, பெரியதை வாங்கிச் செதுக்குவதா என்று ஒரு பழைய வாக்குவாதம் உண்டு. சிறியதை வாங்குவதே நல்லது. மரமாவைப் பூசிப் பிடிக்கவில்லையென்றால் சுரண்டிவிடலாம். செதுக்கிய மரம் திரும்பி வராது.

பூசுவதற்கு முன் எங்கே இடைவெளி இருக்கிறது என்பது தெரிய வேண்டும். கையில் சுண்ணத்தூளைத் தடவிக்கொண்டு பிடியைப் பிடித்து எடுத்தால், தொட்ட இடம் வெள்ளையாகவும் தொடாத இடம் மரநிறமாகவும் தெரியும். உள்ளங்கையின் நடுக்குழி, கட்டைவிரலின் அடிப்பகுதி ஆகிய இரண்டு இடங்களில்தான் பெரும்பாலும் இடைவெளி இருக்கும். சுட்டுவிரல் மட்டும் மரத்தைத் தொடவே கூடாது. அது பிடியில் உரசினால், விசையை இழுக்கும் ஒவ்வொரு முறையும் பிஸ்டலையும் சேர்த்துத் தள்ளும்.

பிடியிலும் விதி குறுக்கே வரும். 10 மீட்டர், 25 மீட்டர் பிஸ்டல்களில் உள்ளங்கை தாங்கி வெளிப்பக்கம் மேல்நோக்கி வளைந்து கையைக் கவ்வக் கூடாது. பிடியோடு அது அமைக்கும் கோணம் 90 டிகிரிக்குக் குறையக் கூடாது. பிடியின் எந்தப் பகுதியும் மணிக்கட்டுக்கு முட்டுக் கொடுக்கக் கூடாது.

விசை

ஒரு ஏர் பிஸ்டல் ஏறக்குறைய ஒரு கிலோ எடை. விசையை இழுக்க அரைக் கிலோ. துப்பாக்கியின் எடையில் பாதியை ஒரே விரலால் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே, குறிகளை மூன்று தாள் கனத்துக்குள் நிறுத்த வேண்டும். விசையின் குணம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

போட்டி விசைகள் பெரும்பாலும் இரண்டு கட்டம் கொண்டவை. முதல் கட்டத்தில் விசை எதிர்ப்போடு சிறிது தூரம் பின்னால் நகரும். பிறகு ஒரு சுவரில் முட்டியதுபோல் நிற்கும். இரண்டாம் கட்டத்தில் நகர்வே தெரியாமல், சற்றுக் கூடுதல் அழுத்தத்தில், கண்ணாடிக் குச்சி முறிவதுபோல் விடுபடும். 500 கிராமில் ஏறக்குறைய 400 கிராமை முதல் கட்டத்துக்கும் மீதியை இரண்டாம் கட்டத்துக்கும் பகிர்ந்து வைப்பது பலரின் வழக்கம். சுவரைத் தொட்டபோதே விரல் பெரும்பங்கு வேலையை முடித்துவிடுகிறது; கடைசிச் சில பத்துக் கிராம்களில் துப்பாக்கி அசைய வாய்ப்பு குறைகிறது.

வாங்கும் பிஸ்டலில் இவற்றைத் தனித்தனியாக மாற்ற முடிகிறதா என்று பாருங்கள்: முதல் கட்டத்தின் எடை, அதன் நீளம், இரண்டாம் கட்டத்தின் எடை, விடுபட்ட பிறகு விசை மேலும் பின்னால் போகாமல் தடுக்கும் நிறுத்தி, விரல் படும் தகட்டின் இடமும் கோணமும். கடைசியாகச் சொன்னதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. விரலின் முதல் கணுச்சதை தகட்டின் நடுவில் படிந்து, நேர் பின்னோக்கி அழுத்த வேண்டும். விரல் குட்டையாக இருந்து தகடு தூரத்தில் இருந்தால் இழுப்பு பக்கவாட்டில் போகும்.

மின்னணு விசையா, இயந்திர விசையா என்பது நெடுநாள் வாதம். மின்னணு விசையில் விரல் ஒரு சிறு சுவிட்சைத் தொடுகிறது. மின்காந்தம் வால்வைத் திறக்கிறது. ஒவ்வொரு முறையும் அச்சு அசலாக ஒரே உணர்வு. வெற்றுச் சுடுதலுக்கு, அதாவது குண்டில்லாமல் விசையை அழுத்திப் பழகுவதற்கு, மிக வசதி. ஒவ்வொரு முறையும் நாணேற்ற, அதாவது பொறியைத் தயார்நிலைக்கு இழுக்க, வேண்டியதே இல்லை. குறை என்னவென்றால் மின்கலம் தீரும்; மின்சுற்று கெட்டால் களத்தில் திருகாணிச் சாவியோடு உட்கார்ந்து சரிசெய்ய முடியாது. இயந்திர விசையைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் எங்கும் உண்டு. முதல் பிஸ்டலுக்கு இயந்திர விசையே போதும். மின்னணு விசை பிடித்துப்போனால், ஒரு மின்கலத்தை எப்போதும் பையில் வையுங்கள்.

விசைஎடைச் சோதனையில் பிஸ்டலின் வாயை மேல்நோக்கிச் செங்குத்தாகப் பிடித்து, விசையில் எடைக்கல்லை மாட்டி மேலே தூக்குவார்கள். கல் மேசையை விட்டு எழும்பியும் விசை விடுபடாமல் இருக்க வேண்டும். போட்டி முடிந்த பிறகும் சீட்டுக் குலுக்கியதுபோல் சிலரை அழைத்துச் சோதிப்பார்கள். அப்போது தவறினால் தகுதிநீக்கம். எனவே சரியாக 500-இல் வைப்பது துணிச்சல் அல்ல, அசட்டுத்தனம். பத்து இருபது கிராம் கூடுதலாக வைப்பவர் எதையும் இழப்பதில்லை.

எடை, சமநிலை

விதி 1500 கிராம் வரை அனுமதித்தாலும் பெரும்பாலான ஏர் பிஸ்டல்கள் ஒரு கிலோவைச் சுற்றியே இருக்கின்றன. எடை முன்பக்கம் கூடினால் ஆட்டம் மெதுவாகும், ஆனால் தோள் சீக்கிரம் களைக்கும். குழலுக்குக் கீழே சிறு எடைகளை முன்னும் பின்னும் நகர்த்தும் வசதி இருந்தால் போதும். சிறுவர்களுக்கும் மெலிந்த கையினருக்கும் குட்டைக் குழல் கொண்ட இலகு மாடல்கள் உண்டு. கடையில் ஒரு நிமிடம் தூக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பயிற்சிக்கூடத் துப்பாக்கியில் அறுபது குண்டுகள் சுட்ட பிறகு தோள் சொல்வதைக் கேளுங்கள்.

எந்தக் கை, எந்தக் கண்

வலது கைக்காரருக்கு இடது கண் ஆதிக்கமாக இருப்பது, அதாவது குறிபார்க்கையில் அந்தக் கண்ணே முந்திக்கொள்வது, அபூர்வம் அல்ல. ரைஃபிளில் இது பெரிய தொல்லை. பிஸ்டலில் கை நீட்டி நிற்பதால் தலையைச் சற்றே திருப்பினால் தீர்ந்துவிடும். அதற்கேற்பப் பிடியின் திருப்பமும் மாற வேண்டும். அதனால் கண்ணைச் சோதிப்பது பிடியை வாங்குவதற்கு முன்னால் நடக்க வேண்டும்.

கையை மாற்றிக்கொண்டவர்களில் புகழ்பெற்றவர் ஹங்கேரியின் காரோலி தகாச். 1938-இல் கையெறிகுண்டு வெடித்து அவருடைய வலது கை சிதைந்தது. இடது கையால் சுடப் பழகி, 1948 லண்டனிலும் 1952 ஹெல்சிங்கியிலும் ரேபிட் ஃபயரில் தங்கம் வென்றார்.

காற்று எங்கிருந்து வருகிறது

ஏர் பிஸ்டலில் காற்றை அழுத்தும் வழி இரண்டு விதமாகக் கிடைக்கிறது. ஒன்று, ஒவ்வொரு குண்டுக்கும் நெம்புகோலை ஒரு முறை இழுத்துக் காற்றை அடைப்பது. விலையும் பராமரிப்பும் குறைவு, ஆனால் அறுபது முறை நெம்பினால் சுடும் தோளும் களைக்கும். மற்றொன்று, ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் காற்று நிரப்பிய சிலிண்டர். இன்று போட்டிகளில் இதுதான் நிலைபெற்றுவிட்டது. சிலிண்டருக்கும் வால்வுக்கும் நடுவில் இருக்கும் சீராக்கி ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அழுத்தத்தைத் தருகிறது. வாங்கும் முன், பயிற்சிக்கூடத்தில் சிலிண்டர் நிரப்பும் வசதி இருக்கிறதா, உங்கள் சிலிண்டரின் மரை அதற்குப் பொருந்துகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உயர்நிலை மாடல்களில், குண்டு கிளம்பும் கணத்தில் எதிர்த்திசையில் நகர்ந்து அதிர்வை விழுங்கும் சிறு எடை ஒன்று உள்ளே இருக்கும். நல்ல கருவிதான். ஆனால் விசையை இழுத்தவுடன் கையைத் தளர்த்திவிடும் பழக்கத்தை அது குணமாக்காது. ஈயக்குண்டு விநாடிக்கு 150 மீட்டர் அளவில், துப்பாக்கி உலகில் நடைபயணம் போகும் வேகத்தில்தான் குழலைக் கடக்கிறது. அது வெளியேறும் முன் கை தளர்ந்தால் இலக்கில் தெரியும்.

.22-இல் சேரும் கூடுதல் கேள்வி

ஏர் பிஸ்டலில் குண்டைக் கையால் ஒவ்வொன்றாக வைக்கிறோம். .22 தானியங்கியில் மேகசினில் இருக்கும் ஐந்து தோட்டாக்களும் தாமாக ஏறி, வெடித்து, காலிக்கூடு வெளியேற வேண்டும். நான்கு விநாடிச் சுற்றில் மூன்றாவது தோட்டா சிக்கினால், உலகின் மிகத் துல்லியமான குழலும் வெறும் இரும்புத் துண்டு. போட்டி விதியில் கருவிக்கோளாறுக்கு மறுவாய்ப்பு உண்டு, ஆனால் அளவோடுதான். அறுந்துபோன மனநிலையை அது மீட்டுத் தருவதும் இல்லை.

.22 தோட்டாவின் விளிம்பு அடிப்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் விளிம்பில் மாட்டிக்கொள்வது இந்த வகையின் பிறவிக்குணம். அதோடு ஒவ்வொரு பிஸ்டலுக்கும் தோட்டாவில் விருப்பு வெறுப்பு உண்டு. ஒன்று ஒரு நிறுவனத்தின் தோட்டாவைக் குறையில்லாமல் தின்னும்; அதே மாடலில் அடுத்த எண்ணுள்ள பிஸ்டல் அதைத் துப்பும். ஆகவே பிஸ்டலைத் தேர்ந்த பிறகு, கிடைக்கக்கூடிய போட்டித் தோட்டாக்களில் மூன்று நான்கு வகையை நூறு நூறாகச் சுட்டுப் பார்த்து, சிக்காமல் ஓடுவதை முதலிலும் துல்லியத்தை இரண்டாவதாகவும் மதிப்பிட வேண்டும். உங்கள் ஊரில் எப்போதாவது மட்டும் கிடைக்கும் தோட்டாவை நம்பும் பிஸ்டல், காட்சிப்பொருளாகத்தான் முடியும்.

வெற்றுச் சுடுதலிலும் கவனம் வேண்டும். பல .22 துப்பாக்கிகளில் தோட்டா இல்லாமல் விசையை இழுத்தால் சுத்தி ஊசி நேராகத் தோட்டா அமரும் அறையின் விளிம்பில் மோதி அதைத் தழும்பாக்கும். போட்டி பிஸ்டல்கள் சிலவற்றில் இதற்குத் தனி ஏற்பாடு உண்டு. இல்லாவிட்டால் போலித் தோட்டா போட்டுத்தான் பழக வேண்டும்.

களச் சுடுதல்: கணக்கே வேறு

ஐ.பி.எஸ்.சி. போட்டியில் பெற்ற புள்ளிகளை, எடுத்துக்கொண்ட விநாடிகளால் வகுப்பார்கள். அறுபது புள்ளியைப் பத்து விநாடியில் எடுத்தால் மதிப்பு 6. தோட்டா சிக்கி இரண்டு விநாடி போனால் அதே அறுபது புள்ளிக்கு மதிப்பு 5. எந்தத் துல்லியக் குழலாலும் இந்த இழப்பை ஈடுகட்ட முடியாது. இங்கே முதல் தகுதி சிக்காமல் ஓடுவது. இரண்டாவது, சுட்ட பிறகு குறி எவ்வளவு விரைவாகத் திரும்புகிறது என்பது.

முதலில் பிரிவைத் தேர்வு செய்ய வேண்டும். புரொடக்‌ஷன் பிரிவில், அமைப்பின் அங்கீகாரப் பட்டியலில் உள்ள துப்பாக்கிகளை ஏறத்தாழ தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே பயன்படுத்த வேண்டும். ஸ்டாண்டர்ட் பிரிவில் மாற்றங்களுக்கு இடமுண்டு. ஆனால் துப்பாக்கி பெட்டிக்குள் அடங்க வேண்டும். ஓப்பன் பிரிவில் செம்புள்ளிக் குறி, வாயில் பொருத்தும் உதைப்பு அடக்கி எல்லாம் உண்டு. தொடங்குபவருக்கு 9 மி.மீ. தோட்டாவோடு புரொடக்‌ஷன் பிரிவே பொருத்தம். செலவும் குறைவு, கருவியைத் திருகிக்கொண்டிருக்கும் ஆசைக்கும் இடமில்லை.

தோட்டாவுக்கு ஆற்றல் எண் என்ற அளவுகோல் உண்டு. குண்டின் எடையை கிரெயின் என்ற சிறு எடை அலகின் கணக்கிலும் வேகத்தை விநாடிக்கு அடிக் கணக்கிலும் எடுத்துப் பெருக்கி, ஆயிரத்தால் வகுக்க வேண்டும். 124 கிரெயின் குண்டு 1050 அடி வேகத்தில் போனால் 130.2. மைனர் எனப்படும் கீழ்நிலைத் தகுதிக்கு 125 வேண்டும். ஸ்டாண்டர்டில் 170-ஐயும் ஓப்பனில் 160-ஐயும் எட்டினால் மேஜர் எனப்படும் மேல்நிலைத் தகுதி. இலக்கின் நடுப்பகுதியைத் தவறவிட்டு மற்றப் பகுதிகளில் பட்ட குண்டுகளுக்கு மேஜரில் ஒரு புள்ளி கூடுதலாகக் கிடைக்கும். புரொடக்‌ஷனில் எவ்வளவு பலமான தோட்டாவானாலும் மைனர் கணக்குதான். அதனால் அங்கே பலத்த தோட்டா வெறும் உதைப்பைத்தான் தரும்.

115 கிரெயின் குண்டு 1100 அடி வேகத்தில் 126.5 வரும். வீட்டுக் கணக்கில் இது தேறும். போட்டி நாளில் வெப்பநிலை மாறி வேகம் இருபது அடி குறைந்தால் 124.2. சுடலாம், புள்ளி சேராது. 130-ஐ ஒட்டி வைத்துக்கொள்பவர்கள் அனுபவப்பட்டவர்கள்.

கைமாறிய துப்பாக்கியை வாங்கும்போது

எல்லாவற்றுக்கும் முன்னதாக, உங்கள் நாட்டின் உரிமச் சட்டம். எந்த வகை, எந்த அளவு, எந்த வழியில் வாங்கலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். சட்டம் அனுமதிக்காத மாடலை அலசிப் பயனில்லை. அது தெளிவான பிறகு, கைமாறிய போட்டி பிஸ்டல் மோசமான தேர்வே அல்ல. ஒழுங்காகப் பேணப்பட்டவை பல்லாண்டு உழைக்கும். பார்க்க வேண்டியவை:

1. பிடியைக் கழற்றிப் பாருங்கள். முந்தையவர் தன் கைக்குச் செதுக்கிய பிடி உங்களுக்குப் பெரும்பாலும் உதவாது. புதுப்பிடியின் விலையையும் சேர்த்தே பேரம் பேசுங்கள்.

2. எடைக்கல்லால் விசையைப் பத்து முறை சோதியுங்கள். ஒரு முறை தாங்கி, ஒரு முறை விடுபட்டால் உள்ளே தேய்மானம்.

3. அந்த மாடலுக்கு உதிரிப்பாகம் இன்னும் தயாரிக்கிறார்களா என்று கேளுங்கள். 2005-க்கு முந்தைய ரேபிட் ஃபயர் பிஸ்டல்கள் சில .22 ஷார்ட் தோட்டாவுக்கானவை. அழகானவை, மலிவாகவும் கிடைக்கலாம். ஆனால் விதி மாறிவிட்டதால் இன்றைய போட்டிக்கு ஆகாது.

4. சிலிண்டரின் மேல் பொறித்திருக்கும் தேதியைப் படியுங்கள். உயரழுத்தச் சிலிண்டருக்கு நிறுவனம் விதித்த ஆயுள் உண்டு. பத்து ஆண்டு என்பது பரவலான வரம்பு. அது கடந்துவிட்டால் துப்பாக்கி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அந்தச் சிலிண்டரை நிரப்பக் கூடாது. அது செல்லுபடியாகும் காலத்துக்குள் இருப்பதை உறுதிசெய்வது சுடுபவரின் பொறுப்பு என்கிறது விதி. விற்பவர் இரண்டு சிலிண்டர் தருகிறேன் என்றால் இரண்டின் தேதியையும் பாருங்கள்.